ஸ்டெடிகேம் போஸ்ட்டுக்குள் 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா?

பேட்டரியில் இரண்டு கட்டை மிச்சம் காட்டிக்கொண்டிருக்கும்போதே கேமரா அணைந்துபோனால், பழி முதலில் பேட்டரி மேல்தான் விழும். பாதி நேரம் அது செய்யாத குற்றம். கேமரா குலுங்காமல் நடந்து படமெடுக்க உடலோடு கட்டிக்கொள்ளும் ஸ்டெடிகேமில், கேமராவைத் தாங்கும் செங்குத்துப் பகுதிதான் ஸ்லெட். அதில் பேட்டரி அடியில், கேமரா உச்சியில். நடுவில் போஸ்ட் எனும் குழாய், அதற்குள் சுருள் வயர், இரண்டு முனையிலும் கனெக்டர், ஒரு சுவிட்ச், ஒரு ஃபியூஸ். கீழே கிளம்பும் வோல்டேஜ் மேலே போய்ச் சேருவதற்குள் வழியெங்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்திவிடுகிறது.

அதனால் புது ஸ்லெட் வாங்குபவரும், பழைய 12 வோல்ட் ஸ்லெட்டை ரீவயரிங் செய்ய நினைப்பவரும் "எத்தனை வாட்-அவர் பேட்டரி?" என்று தொடங்கினால் பாதை தவறும். போஸ்ட்டுக்குள் எத்தனை ஆம்பியர் ஏறப்போகிறது என்பதுதான் கேள்வி.

கணக்கு முதலில்

ஒரு சுமையை எடுத்துக்கொள்வோம். அலெக்ஸா மினி எல்எஃப் கேமரா சுமார் 65 வாட். வயர்லெஸ் வீடியோ டிரான்ஸ்மிட்டர் 12 வாட். ஃபோகஸ் ரிசீவரும் மோட்டார்களும் சராசரியாக 8 வாட். மேலே மொத்தம் 85. வெயிலில் பார்க்கும் அளவுக்குப் பிரகாசமான மானிட்டர் ஒரு 25 வாட் இழுக்கும், ஆனால் அது பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருப்பதால் போஸ்ட் கணக்கில் சேராது. பேட்டரி தாங்க வேண்டியது 110 வாட், போஸ்ட் வயர் தாங்க வேண்டியது 85. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம்.

14.4 வோல்ட் என்று எழுதியிருக்கும் பேட்டரி முழுச் சார்ஜில் 16.8 வோல்ட். வேலை நேரத்தின் பெரும்பகுதி 15-க்கும் 13-க்கும் நடுவில் ஓடும். 13.2 என்று வைத்தால் 85 வாட்டுக்கு 6.4 ஆம்பியர். இனி வயர். போஸ்ட்டை நீட்டிய நிலையில், சுருளையும் கேமரா கேபிளையும் சேர்த்தால் ஒரு வழிக்கு ஒன்றரை மீட்டர். போக வர மூன்று மீட்டர் செம்பு. அரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர் மீட்டருக்கு 39 மில்லி ஓம், ஆக மூன்று மீட்டருக்கு 117. கனெக்டர் தொடுமுனைகள், சுவிட்ச், ஃபியூஸ் எல்லாம் சேர்ந்து ஒரு 50 மில்லி ஓம் என்று தாராளமாக வைத்தால் மொத்தம் 167. 6.4 ஆம்பியரில் இது ஒரு வோல்ட்டுக்கு மேல் விழுங்கிவிடும். ஒன்றரை ஸ்கொயர் வயர் மீட்டருக்கு 13.3 மில்லி ஓம்தான். அதைப் போட்டால் மொத்தம் 90 மில்லி ஓம், இழப்பு 0.6 வோல்ட்டுக்குள் அடங்கும்.

அதே 85 வாட் 26.4 வோல்ட்டில் ஏறினால் 3.2 ஆம்பியர். அரை ஸ்கொயர் வயரிலேயே இழப்பு அரை வோல்ட். 13.2-இல் ஒரு வோல்ட் போவது எட்டு சதவீதம், 26.4-இல் அரை வோல்ட் போவது இரண்டு சதவீதம். வோல்டேஜை இரட்டித்தால் வயரில் சூடாக வீணாவது கால்வாசியாகிறது.

12 வோல்ட் ஸ்லெட்டில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பல்பு போன்ற சுமைக்கு வோல்டேஜ் குறைந்தால் கரன்டும் குறையும். கேமரா அப்படியல்ல, அதற்கு வேண்டியது வாட். வோல்டேஜ் குறையக் குறைய அதிக ஆம்பியர் இழுத்து அந்த வாட்டை எட்டிப் பிடிக்கும். அதிக ஆம்பியர் என்றால் வயரில் அதிக இழப்பு. மேலே சொன்ன 167 மில்லி ஓம் ஸ்லெட்டில், பேட்டரி முனையில் 12.0 வோல்ட் இருக்கும்போது கேமரா 8 ஆம்பியர் இழுத்து 10.7 வோல்ட்டைத்தான் பார்க்கும். மினி எல்எஃப்பின் கீழ் எல்லை 10.5. பேட்டரி 11.8-க்கு இறங்கினால் கேமரா எல்லைக்குக் கீழே போய்விடும். ஃபோகஸ் மோட்டார் ஒன்று வேகமாகத் திரும்பும் அந்த ஒரு கணத்தில் அணைந்துபோகும்.

மினி எல்எஃப் நல்ல பிள்ளை, 10.5-இலிருந்து 34 வரை எதையும் வாங்கிக்கொள்ளும். 11.5 வோல்ட்டிலேயே படுத்துவிடும் கேமராவாக இருந்தால் நிலைமை மோசம். பேட்டரி பழையதாகி உள் எதிர்ப்பு 0.2 ஓமுக்கு ஏறியிருந்தால், அரை ஸ்கொயர் ஸ்லெட்டில் ஐந்தில் ஒரு பங்கு சார்ஜ் உள்ளே இருக்கும்போதே கேமரா விடைபெறும். அந்தச் சார்ஜுக்கு வாடகை கொடுத்தாயிற்று, அதன் எடையையும் நாள் முழுக்கச் சுமந்தாயிற்று.

12 வோல்ட்டிலேயே இருப்பது

மேலே ஏறும் சுமை 60 வாட்டுக்குள் இருந்தால், கேமராவும் 12 வோல்ட்டில் நிம்மதியாக ஓடக்கூடியதாக இருந்தால், மாறத் தேவையில்லை. ஒன்றரை ஸ்கொயர் வயர் போட்டுக்கொண்டு வேலையைப் பாருங்கள். எல்லா வாடகைக் கடையிலும் வி-மவுண்ட் (14.4 வோல்ட் பேட்டரி வகை) கிடைக்கும், சார்ஜர் கிடைக்கும், ஒரு பேட்டரி போனால் பக்கத்து யூனிட்டில் கடன் வாங்கலாம். இந்த வசதியைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஓடும் நேரத்தைக் கூட்ட இரண்டு பேட்டரியை இணையாகப் போடுவார்கள். நேராக வயரால் இணைத்தால் ஆபத்து. ஒன்று 16.8, இன்னொன்று 13 வோல்ட் என்றால் நடுவில் 3.8 வோல்ட் வித்தியாசம். அதைத் தடுக்க வயரும் உள் எதிர்ப்பும் சேர்ந்து கால் ஓம்தான். மாட்டிய கணத்தில் 15 ஆம்பியர் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பாயும். ஒவ்வொரு பேட்டரிக்கும், கரன்டை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்று வேண்டும். சாதாரண ஷாட்கி டயோடு 0.4, 0.5 வோல்ட்டைத் தின்றுவிடும். இத்தனை மில்லி ஓம் சேமித்தது அந்த ஒரு இடத்தில் போய்விடும். மாஸ்ஃபெட் (மின்னணு சுவிட்ச்) வைத்த ஐடியல் டயோடு போர்டு சில பத்து மில்லி வோல்ட்டோடு விட்டுவிடும், அதையே வாங்குங்கள்.

இரண்டு பேட்டரியைத் தொடராக இணைப்பது

இரண்டு 14.4 வோல்ட் பேட்டரியைத் தொடராகப் போட்டால் 28.8, முழுச் சார்ஜில் 33.6. கையிலிருக்கும் வி-மவுண்ட்களை வைத்தே 24 வோல்ட் கிடைத்துவிடுகிறது. பல ஸ்லெட்களில் 12/24 மாற்றும் சுவிட்சே உண்டு. அலெக்ஸா 35 போல 20.5 வோல்ட்டுக்குக் கீழே ஓடவே ஓடாத கேமரா வந்ததிலிருந்து இந்த வழிக்கு மவுசு கூடியிருக்கிறது. 98 வாட்-அவர் இரண்டு என்றால் 196, அதில் 85 சதவீதம் பயன்பட்டால் 110 வாட் சுமைக்கு ஒன்றரை மணி நேரம். பேட்டரி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 700 கிராம், முன்னும் பின்னுமாகப் பரப்பி வைத்தால் டைனமிக் பேலன்ஸுக்கும் (ஸ்லெட்டைத் திருப்பும்போது சாயாத சமநிலை) உதவும்.

தொடர் இணைப்பு கெடுவது பெரும்பாலும் நடுப்புள்ளியில்தான். மானிட்டருக்கு 12 வோல்ட் வேண்டுமே என்று கீழ்ப் பேட்டரியிலிருந்து மட்டும் எடுத்துவிடுவார்கள். அந்தப் பேட்டரி கேமராவுக்கும் கொடுக்கிறது, மானிட்டருக்கும் கொடுக்கிறது. மற்றது கேமராவுக்கு மட்டும். முதல் பேட்டரி முன்னதாகத் தீர்ந்து, அதன் பாதுகாப்பு போர்டு துண்டித்ததும் மொத்த 24 வோல்ட்டும் போய்விடும். மற்றதில் சார்ஜ் இருந்து என்ன பயன்? மானிட்டரை 24 வோல்ட்டிலேயே ஓட்டுங்கள், பெரும்பாலான ஸ்டெடிகேம் மானிட்டர்கள் ஏற்கும். ஏற்காவிட்டால் 28.8-இலிருந்து 12-க்கு இறக்கும் சின்ன கன்வெர்ட்டர் வைத்துவிடலாம். இரண்டு பேட்டரியும் ஒரே வயது, ஒரே கொள்ளளவு, ஒன்றாகச் சார்ஜ் ஆனவையாக இருக்க வேண்டும். ஜோடி எண் எழுதி ஒட்டிவிட்டால் உதவியாளர் மாற்றிப் போட மாட்டார்.

இதைவிடப் பெரிய ஆபத்து டி-டேப்பில், அதாவது பேட்டரியிலேயே இருக்கும் சின்ன பவர் சாக்கெட்டில், இருக்கிறது. தொடரில் இரண்டாவதாக இருக்கும் பேட்டரியின் நெகட்டிவ், ஸ்லெட்டின் கிரவுண்ட் அல்ல. கிரவுண்டுக்கு 14.4 வோல்ட் மேலே அது உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பேட்டரியில் இருக்கும் டி-டேப்பில் ஒரு டிரான்ஸ்மிட்டரைச் செருகி, அதன் பிஎன்சியை (வீடியோ கனெக்டர்) கேமராவோடு இணைத்தால் கீழ்ப் பேட்டரி முழுவதும் அந்த மெல்லிய கோஆக்ஸின் (வீடியோ கேபிள்) உலோக உறை வழியாக ஷார்ட் ஆகும். கருகுவது கேபிளோடு நிற்காது, கேமராவின் எஸ்டிஐ போர்டும் (வீடியோவை வெளியே அனுப்பும் போர்டு) போகும். தொடரில் ஓடும் ஸ்லெட்டில் மேல் பேட்டரியின் டி-டேப்பைக் காஃபர் டேப்பால் மூடிவிடுவது அற்ப வேலைதான், ஆனால் யாரும் செய்வதில்லை.

24 வோல்ட் பி-மவுண்ட்

பி-மவுண்ட் என்பது வேறொரு பேட்டரி வகை. அதற்குள்ளேயே எட்டு செல் வரிசை, 28.8 வோல்ட். நடுப்புள்ளி வெளியே வராது, ஜோடி பார்க்க வேண்டாம், மேலே சொன்ன இரண்டு தொல்லையும் இல்லை. அலெக்ஸா 35 சுமார் 90 வாட், துணைக்கருவிகளைச் சேர்த்து மேலே 110, மானிட்டரோடு 135. 27 வோல்ட்டில் மொத்தம் 5 ஆம்பியர், போஸ்ட்டில் 4. இதற்கு முக்கால் ஸ்கொயர் வயரே தாராளம். சுருள் மெலிதாகும், போஸ்ட் லேசாகத் திரும்பும்.

காசுதான் குறை. பேட்டரி, சார்ஜர், ஸ்லெட்டின் பிளேட் மூன்றையும் மாற்ற வேண்டும். வி-மவுண்டும் பி-மவுண்டும் ஒன்றோடு ஒன்று மாட்டாது, அடாப்டர் போட்டால் நீளமும் ஆட்டமும் கூடும். விமானத்தில் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 100 வாட்-அவர் வரை கைப்பையில் கொண்டுபோகலாம். 100-க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதியோடு உதிரி இரண்டுதான். செக்-இன் பெட்டியில் எதுவுமே கூடாது. 150 வாட்-அவர் பி-மவுண்ட் ஆறு வாங்கி வைத்தவருக்கு வெளியூர் ஷூட்டில் நாலு வீட்டிலேயே இருக்கும்.

எடை இன்னொரு விஷயம். 98-ஐக் கழற்றி 150-ஐ மாட்டினால் அடியில் கால் கிலோ போலக் கூடும், டிராப் டைம் (படுக்கையாகப் பிடித்து விட்ட ஸ்லெட் நிமிர எடுக்கும் நேரம்) மாறும். இரண்டரை விநாடியில் பழகிய கைக்கு அது உடனே தெரியும். எந்தப் பேட்டரியானாலும் எல்லாம் ஒரே மாடலாக இருப்பது நல்லது.

பூஸ்டர்

12 வோல்ட் பேட்டரியை வைத்துக்கொண்டு 24-க்கு ஏற்றும் கன்வெர்ட்டர் வாங்குவது மலிவான வழி போலத் தோன்றும். அலெக்ஸா 35 கணக்கைப் போடுங்கள். மேலே 110 வாட் வேண்டும், கன்வெர்ட்டர் திறன் 92 சதவீதம், ஆக உள்ளே 120 வாட் போக வேண்டும். மானிட்டரோடு 145. பேட்டரி 12 வோல்ட்டுக்கு இறங்கும்போது இது 12 ஆம்பியர். சாதாரண வி-மவுண்ட்கள் பல 10, 12 ஆம்பியரில் கைவிரிப்பவை. எனவே ஒற்றைப் பேட்டரியில் காலையில் நன்றாக ஓடி, சார்ஜ் பாதியானதும் திடீர் திடீரென்று அணையும். அதிக ஆம்பியர் வகைப் பேட்டரியோ, ஐடியல் டயோடு வைத்த இணை ஜோடியோ இல்லாமல் பூஸ்டர் பக்கம் போகாதீர்கள்.

பூஸ்டரை எங்கே வைப்பது என்பதில் விவாதத்துக்கே இடமில்லை. அடியில், பேட்டரி பக்கத்தில். கேமராவுக்குப் பின்னால் மாட்டுகிற வகை விற்கிறார்கள்தான். அதைப் போட்டால் போஸ்ட்டுக்குள் 12 வோல்ட்டில் 9, 10 ஆம்பியர் ஏறும். எதைத் தவிர்க்க வந்தோமோ அதையே காசு கொடுத்து வாங்கியதாகும், உச்சியில் எடையும் கூடும். உலோகப் பெட்டி, இரு பக்க வயரிலும் ஃபெரைட் வளையம் இருக்கட்டும். இல்லாவிட்டால் கேமராவில் சவுண்ட் ரிசீவர் மாட்டியவர் இரைச்சல் என்று வந்து நிற்பார்.

கேமராவிலேயே தனிப் பேட்டரி என்றொரு வழியும் உண்டு. போஸ்ட் வழியாக வீடியோ மட்டும். வயரிங் தொல்லை அறவே இல்லை. ஆனால் உச்சியில் 700 கிராம் ஏறினால், கிம்பலிலிருந்து (ஸ்லெட்டைத் தாங்கும் மூட்டு) மேல் 20, கீழ் 60 சென்டிமீட்டர் என்ற அமைப்பில் அடியில் 230 கிராம் கூட்ட வேண்டும். தோளில் கிட்டத்தட்ட ஒரு கிலோ அதிகம். சின்ன கேமராவுக்குச் சரி, பெரிய கேமராவுக்கு அவசர வழி.

எதை எடுப்பது?

இனி ஒருமுறைதான் இந்த ஸ்லெட்டைப் பிரிக்கப்போகிறேன் என்றால்: போஸ்ட்டுக்குள் ஒன்றரை ஸ்கொயர் வயரைப் போட்டு, அதில் 24 வோல்ட்டை ஏற்றுங்கள். 12 கேட்கும் சின்னக் கருவிகளுக்கு டாப் ஸ்டேஜிலேயே (கேமரா அமரும் மேல்தட்டு) 24-ஐ 12-க்கு இறக்கும் 3 ஆம்பியர் கன்வெர்ட்டர் ஒன்று போதும். அடியில் இன்று வி-மவுண்ட் தொடர், நாளை பி-மவுண்ட் என்று மாற்றிக்கொள்ளலாம், போஸ்ட்டைத் தொட வேண்டியதில்லை. மெல்லிய வயரே போதும் என்று மேலே சொன்னதற்கு இது முரணல்ல. யாராவது ஒருநாள் 12 வோல்ட் மட்டும் எடுக்கும் கேமராவைக் கொண்டுவருவார், அன்றைக்குத் தடித்த வயர் காப்பாற்றும். பூஸ்டரை வாடகைக்கு எடுக்கலாம், சொந்தமாக வாங்கும் பொருளல்ல.

வயரும் ஃபியூஸும்

கடையில் விற்கும் மலிவு வயர்களில் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை கலந்திருக்கும். எதிர்ப்பு ஒன்றரை மடங்கு, சுருளில் மடங்கி மடங்கி சீக்கிரம் முறியும். வெளியே வெள்ளையாக இருப்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள், வெள்ளீயம் பூசிய நல்ல செம்பும் வெள்ளைதான். இழை ஒன்றை வெட்டி வெட்டுமுகத்தைப் பாருங்கள், உள்ளே சிவப்பாக இருக்க வேண்டும். சிலிக்கான் உறை போட்ட, இழைகள் மிக மெலிதான வயர் சுருளுக்கு ஏற்றது.

நெகட்டிவ் வயரை ஒருபோதும் மெலிதாக்காதீர்கள். கிரவுண்ட் வழி இடுக்கானால் கரன்ட் வீடியோ கோஆக்ஸின் உறை வழியாகத் திரும்பும். மானிட்டரில் பட்டைகள் ஓடுவதற்கும் படம் விட்டுவிட்டு வருவதற்கும் இது ஒரு காரணம்.

சிறிய இரண்டு பின் லெமோ கனெக்டரின் குழிக்குள் ஒன்றரை ஸ்கொயர் நுழையாது. பாதி இழைகளை வெட்டிவிட்டு மீதியைத் திணிப்பது வழக்கமாகிவிட்டது. வெட்டிய இடத்தில்தான் பிறகு முறியும். ஐந்து சென்டிமீட்டர் அரை ஸ்கொயர் வாலை இணைத்து அதைப் பற்றவையுங்கள், எதிர்ப்பு இரண்டு மில்லி ஓம்தான் கூடும். பற்றவைக்கும்போது ஈயம் வயருக்குள் ஊறி ஏறிய இடம்வரை கம்பி போல விறைத்துவிடும், விறைப்பு முடிகிற புள்ளியில் வயர் ஆடினால் அங்கேதான் ஒடியும். அதனால் ஹீட்ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) அந்தப் புள்ளியைத் தாண்டி ஒரு சென்டிமீட்டராவது போக வேண்டும்.

தானாக மீளும் பாலி ஃபியூஸ் வசதிதான், ஆனால் அதன் அளவு அறை வெப்பநிலைக்கானது. 50 டிகிரியில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் திறன் இழக்கும். மே மாத வெயிலில் கருப்பு அடிப்பெட்டிக்குள் 50 என்பது சாதாரணம். காரில் போடும் பிளேடு ஃபியூஸே மேலானது: 12 வோல்ட்டுக்கு 10 ஆம்பியர், 24-க்கு 7.5. ஒரு நுணுக்கம், சாதாரண பிளேடு ஃபியூஸில் 32 வோல்ட் என்றுதான் அச்சிட்டிருக்கும், தொடர் இணைப்போ 33.6 வரை போகும். 58 வோல்ட் வகை கிடைக்கும், அதைப் போடுங்கள். சுவிட்சிலும் 250 வோல்ட் ஏசி என்ற எழுத்தை நம்ப வேண்டாம், டிசி அளவைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

டி-டேப்பில் கருவி மாட்டும்போது பவர் முதலில், பிஎன்சி பிறகு. கழற்றும்போது பிஎன்சி முதலில். பிஎன்சி ஏற்கெனவே மாட்டியிருக்க, டி-டேப்பின் பாசிட்டிவ் முனை முந்திக்கொண்டு தொட்டால், கருவியின் தொடக்கக் கரன்ட் முழுவதும் கேமராவின் எஸ்டிஐ வழியாகத் திரும்பும். இப்படிப் போன எஸ்டிஐ போர்டுகளுக்குக் கணக்கில்லை.

பல்பு வைத்துப் பார்ப்பது

ரீவயரிங் முடிந்ததும் கேமராவை மாட்டிச் சோதிக்காதீர்கள். ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் எச்4 ஹெட்லைட் பல்பு ஒன்று வாங்கி, 55 வாட் இழையைக் கேமரா கனெக்டரின் இரண்டு பின்களில் இணையுங்கள். 24 வோல்ட் என்றால் இரண்டு பல்பு தொடராக. நாலரை ஆம்பியர் ஓடும். குளிர்ந்த இழை முதல் கணத்தில் பல மடங்கு இழுப்பதால் ஃபியூஸ் தாங்குமா என்பதும் தெரிந்துவிடும். பல்பு கொதிக்கும், துணி மேலோ பிளாஸ்டிக் மேலோ வைக்காதீர்கள்.

மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி பிளேட்டின் நெகட்டிவிலும் மறு முனையைப் பல்பின் நெகட்டிவிலும் வையுங்கள். ஒன்றரை ஸ்கொயர் வயரில் 0.2 வோல்ட் வரை வரலாம். பாசிட்டிவ் பக்கம் ஃபியூஸும் சுவிட்சும் இருப்பதால் 0.25. எங்காவது 0.4 காட்டினால் அந்தப் பக்கத்தில் ஒரு இணைப்பு சரியில்லை. இடையிலிருக்கும் ஒவ்வொரு கனெக்டராகத் தொட்டுப் பார்த்தால் எந்த இடத்தில் எண் தாவுகிறது என்று பிடித்துவிடலாம். பிறகு வீடியோ கேபிளை மானிட்டரோடும் டாப் ஸ்டேஜோடும் மாட்டி மறுபடி நெகட்டிவைப் பாருங்கள். எண் கணிசமாகக் குறைந்தால் கோஆக்ஸ் உறை உங்கள் கரன்டைச் சுமக்கிறது, கிரவுண்ட் வயர் போதவில்லை.

கடைசியாக, பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே போஸ்ட்டை முழுக்க நீட்டி, சுருக்கி, டாப் ஸ்டேஜை இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். எண் அசையக் கூடாது. அசையாத அந்த எண்ணை ஒரு டேப்பில் எழுதி அடிப்பெட்டி மூடியின் உள்ளே ஒட்டிவையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே பல்பை மாட்டும்போது ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டியிருக்கும்.